கரும்புக் காட்டுச் சிறுத்தைக்கு ஏற்ற மயக்க ஊசித் துப்பாக்கி

மயக்க ஊசித் துப்பாக்கி பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஓர் ஊசியை மட்டுமே எய்யும். மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டத்தில், ஷிரூர் வட்டத்திலும் வடக்கே ஜுன்னரிலும், சிறுத்தைகள் கரும்பு வயலிலேயே குட்டி போட்டு வளர்க்கின்றன. அங்கே வனத்துறையினர் முதலில் கையில் எடுக்க வேண்டிய துப்பாக்கி இதுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விலங்கைப் பிடிப்பதும் வேட்டையே. பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ இயலாது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு உறுதிப்பட்டால்தான் கொல்ல ஆணையிட முடியும்.

நியூசிலாந்தின் காலின் மர்டோக் 1950-களில் உருவாக்கிய இக்கருவி இன்று பல வகைகளில் கிடைக்கிறது. வெற்றுத் தோட்டாவின் வெடிவிசையில் இயங்குவது தொலைவுக்கு எய்யும்; ஆனால் கிட்டத்தில் நிற்கும் விலங்கின் எலும்பையே முறித்துவிடக்கூடும். சிறுத்தை யானையல்ல, தசை மெல்லியது. கரும்புக்குள் அது கண்ணில் படுவதே பத்து, இருபது மீட்டரில்தான். எனவே அதிகத் தொலைவைப் பார்த்து வாங்குவது தவறு. அழுத்தத்தை எவ்வளவு தாழ்த்த முடியும் என்றே பார்க்க வேண்டும். கரியமில வாயுவில் இயங்கி, அழுத்தமானியைப் பார்த்துத் திருகிக் குறைக்கும் வகை இதற்குப் பொருந்தும். குண்டு சுடும் துப்பாக்கி இலேசானால் தோளில் பலமாக உதைக்கும். இதில் அந்த உதை அநேகமாக இல்லை என்பதால், வரப்பிலும் கூரையிலும் ஏறத் தோதான இலேசான துப்பாக்கியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். ஆகவே தண்ணீர் நிரப்பிய ஊசியை அன்றைய குளிரிலேயே அட்டையில் எய்து பார்ப்பது அவசியம்.

ஊசிக்கு இரண்டு அறைகள். முன்னறையில் மருந்து, பின்னறையில் அழுத்திய காற்று. ஊசியின் பக்கத்துளையை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். தோலில் தைத்ததும் உறை நகர, காற்று மருந்தைத் தசைக்குள் தள்ளும். குறி தொடை அல்லது தோள். வயிறும் மார்பும் கூடவே கூடாது. கெட்டமின், சைலசின் கலவையின் அளவைக் கால்நடை மருத்துவர் உடல் எடையை மதிப்பிட்டு முடிவுசெய்வார்.

மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் சிறுத்தை கரும்புக்குள் வெகுதூரம் ஓடிவிடலாம், கூட்டத்தின் மீதும் பாயலாம். ஊராரை முன்கூட்டியே விலக்கி வைக்காமல் எய்யக்கூடாது. முதல் ஊசி பலிக்கவில்லை என்று உடனே இரண்டாவதை எய்வதும் ஆபத்து. அளவு மிஞ்சி மூச்சு நின்றுவிடக்கூடும்.

சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளில் சிறுத்தைகள் விழுவது இப்பகுதியில் வழக்கம். நீரில் நீந்தும் விலங்குக்கு மயக்க ஊசி போட்டால் அது மூழ்கிவிடும். கயிற்றில் கட்டிலோ கூண்டோ இறக்கி, அதில் ஏறவிட்டு மேலே தூக்குவதே முறை. கூண்டுக்குள் வந்த பிறகு மருந்து தேவைப்பட்டால் துப்பாக்கியே வேண்டாம். வாயால் ஊதும் ஊதுகுழல் போதும்.