அடியை விடப் பெரிய சோதனை!

ராஜகிரி ஏறி மூச்சு வாங்குகிறதா? உட்காருங்கள். கீழே தெரிகிறதே, இந்தச் செஞ்சிச் சீமையிலும் நடந்து ஊழியம் செய்தவர்தான் புனித அருளானந்தர். 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர். சின்ன வயதில் பிழைப்பாரா என்று பயப்பட வைத்த பிள்ளை! இங்கே வந்து காவி கட்டி, கவிச்சியை விட்டார்.

1686-ல் பிடித்து அடித்தார்கள், தண்ணீரில் முக்கினார்கள். விசுவாசத்தை விடவில்லை. ஆனால், பெரிய சோதனை அதுவல்லங்க! ஊர் திரும்பியபோது, கூட வளர்ந்த ராஜா பெத்ரு, மகனுக்கு ஆசிரியராக அங்கேயே இருக்கச் சொன்னார். அரண்மனை, பெற்ற தாய்... ஊசி வலியைத் தாங்குகிற சர்க்கரைக்காரர் ஜாங்கிரியிடம் தோற்பதில்லையா? இவர் 1690-ல் திரும்பி வந்துவிட்டார்.

1693 பிப்ரவரி 4, ஓரியூரில் தலையை வெட்டினார்கள். முந்தின நாள் சிறையில் மை இல்லை. கரியைக் குழைத்து, சாவுக்கு ஆவலோடு காத்திருப்பதாகச் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார்.