தகரக் கூரை டிஷ்

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தால் நக்கிள்ஸ் மலையைவிடக் கூரைகளைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். தேயிலைக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் லயங்கள், துருவேறிய தகரம், காற்றில் அது பறந்துவிடாமல் ஏற்றிவைத்த கற்கள். அந்தக் கற்களுக்கு நடுவே ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு டிஷ், வானத்தைப் பார்த்து மல்லாந்து சாய்ந்திருக்கும்.

புதிதாக வரும் கைத்தொலைபேசியின் கெமராவைப் பற்றியும் பற்றரியைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசக்கூடியவன் நான். ஆனாலும் சாதாரண வீடொன்றில் இருக்கும் பொருள்களில் எது பெரிய அதிசயம் என்று கேட்டால் அந்த டிஷ்ஷைத்தான் காட்டுவேன். அதில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. சார்ஜ் ஏற்ற வேண்டாம். கழுவிவிடுவதையும் மழையே பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை சரியாகத் திருப்பி நட்டை முடுக்கிவிட்டால், 36,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருக்கும் ஒரு பொருளை வருடக்கணக்கில் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இந்த மலைநாட்டுக்கு அது எவ்வளவு பொருத்தமானது என்பது பழைய அன்டெனாக் காலத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது. ஆனால் தொலைக்காட்சி அலை ஏறக்குறைய ஒளியைப்போல நேர்கோட்டில் போவது. நடுவே ஒரு மலை முதுகு நின்றால் அதற்குப் பின்னால் நிழல் விழும். பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு அந்த நிழல்தான் கிடைத்தது. கூரையோரம் ஒருவர் கம்பத்தைப் பிடித்துத் திருப்ப, உள்ளேயிருந்து இன்னொருவர் கத்துவார்: “இன்னுங் கொஞ்சம்… நில்லு! ஐயோ போச்சு, பழையபடி வை!” திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டே இருக்கும். கோபுரத்தைக் காண முடியாத இடத்தில் எத்தனை அடிக் கம்பம் நட்டும் பயனில்லை.

டிஷ் வந்ததும் பள்ளம் ஒரு குறையாக இல்லாமல் போயிற்று. மலைகள் சுற்றி நிற்கலாம். தலைக்கு மேலே நிற்க முடியாது.

இதில் எங்கள் மாத்தளைக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் இருக்கிறது. தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரிசையாக நிற்கின்றன. மாத்தளையோ அந்த ரேகைக்கு வடக்கே ஏழரைப் பாகையில், ஏறத்தாழ 830 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. கிழக்கு நெட்டாங்கு 83 பாகையில் நிற்கும் ஒரு செய்மதியை இங்கிருந்து பார்க்க, அடிவானத்திலிருந்து 81 பாகை நிமிர வேண்டும், கிட்டத்தட்ட உச்சி. 95 பாகையில் நிற்பதற்குக்கூட 71 பாகை நிமிர வேண்டும். லண்டனில் இருக்கும் நம் உறவினர்களின் வீட்டுச் சுவர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே வழக்கமாகப் பார்க்கும் செய்மதி அடிவானத்துக்கு மேல் 25 பாகையில்தான் இருக்கிறது. எதிர்வீட்டுக் கூரையோ ஒரு மரமோ அதை மறைத்துவிடும். கம்மடுவப் பள்ளத்தில் இருப்பவருக்கு லண்டன்காரருக்கு இல்லாத தெளிவான வானம் வாய்த்திருக்கிறது.

ஆனால் லயத்துக் கூரையிலுள்ள டிஷ் அப்படி உச்சியைப் பார்ப்பதாகத் தெரியவில்லையே என்று கேட்பீர்கள். அது பார்ப்பதாகத் தோன்றும் திசை வேறு, உண்மையில் பார்க்கும் திசை வேறு. பெரிய பரவளைவுக் கிண்ணம் ஒன்றின் நடுவை விட்டு ஓரத்துண்டை மட்டும் வெட்டி எடுத்ததுபோன்றதுதான் வீட்டு டிஷ். எல்.என்.பி. என்று நாம் சொல்லும் அந்தத் தலை அலைக்குக் குறுக்கே நின்று நிழல் விழுத்தாமல் கீழே ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அதனால் தட்டின் முகம் காட்டும் திசையைவிட இருபது பாகைக்கும் மேலாக உயர்ந்த இடத்திலிருந்து அது அலையை வாங்குகிறது. அதனால்தான் உச்சியைப் பார்க்கும்போதும் தட்டு சற்றே சரிந்து நிற்கிறது, மழைநீரும் தேங்காமல் வழிந்துவிடுகிறது.

செய்மதி ஏன் அங்கேயே நிற்கிறது? உண்மையில் அது நிற்பதில்லை, வினாடிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. பூமிக்கு அருகே சுற்றுவது வேகமாகச் சுற்றும். 550 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். தூரத்திலுள்ள நிலவுக்கு 27 நாள் வேண்டும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் ஒரு சுற்று சரியாகப் பூமியின் ஒரு சுழற்சியோடு ஒத்துப்போக வேண்டுமல்லவா? அந்த இடம் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. எந்தச் சுற்றுப்பாதையும் பூமியின் மையத்தைச் சுற்றியே அமைய வேண்டும். ஆகவே மாத்தளைக்கு நேர் மேலே ஒரு செய்மதியைத் தொங்கவிட முடியாது. பூமத்திய ரேகைக்கு மேலே மட்டும்தான் முடியும்.

இந்த உயரத்தில் செய்மதிகளை வைத்து உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று விரிவாக எழுதியவர் நம்மூர்க்காரராகவே வாழ்ந்து மறைந்தவர். ஆதர் சி. கிளார்க் 1945 ஒக்டோபரில், பிரித்தானிய விமானப்படையில் ராடார் வேலை பார்த்த 27 வயது இளைஞராக, ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் அந்தக் கட்டுரையை எழுதினார். மூன்று செய்மதிகள் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். டிரான்சிஸ்டர் பிறந்திராத காலம் அது. செய்மதியில் வால்வுகள் எரிந்துபோனால் மாற்ற ஆட்கள் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 1964இல், ‘சின்கொம் 3’ செய்மதி டோக்கியோ ஒலிம்பிக்கைப் பசிபிக்குக்கு அப்பால் கொண்டுபோனது. அதற்கு முன்பே, 1956இல், கிளார்க் இலங்கைக்கு வந்துவிட்டார். 2008 மார்ச் 19ஆம் திகதி மறையும்வரை இதுவே அவருக்கு வீடு.

1975இல் நடந்தது எனக்கு எப்போதும் பிடித்த கதை. இந்தியா அந்த ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி 2,400 கிராமங்களுக்கு அமெரிக்கச் செய்மதியான ‘ஏ.டி.எஸ். 6’ வழியாகக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பத் தொடங்கியது. கிராமங்களில் வைத்த டிஷ்கள் கோழிக்கூட்டு வலையால் செய்தவை! அது எப்படிச் சாத்தியமானது என்பதை விளக்குவது எளிது: அந்த அலையின் நீளம் 35 சென்டிமீற்றர், வலையின் ஓட்டையோ அதன் முன் ஒன்றுமேயில்லை. அலைக்கு அந்த வலையும் ஒரு சுவர்தான். இந்தியப் பொறியாளர்கள் கொழும்புக்கு வந்து கிளார்க்கின் வீட்டிலும் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். இலங்கையில் முதல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1979இல். அதற்கு நான்கு வருடம் முன்னரே ஒரு வீட்டில் மட்டும் வானத்திலிருந்து படம் இறங்கியது. இன்று தோட்டத்து லயமொன்றில் பத்துக் கதவுக்குப் பத்து டிஷ் என்று பார்க்கும்போது அந்த ஒற்றை டிஷ் என் நினைவுக்கு வரும்.

அந்த 1979இலேயே கிளார்க்கின் ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலும் வெளிவந்தது. பூமியிலிருந்து அதே 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டும் கதை. தலைப்பிலுள்ள நீரூற்றுகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. நாவலின் யக்ககல என்ற குன்று சிகிரியாதான். காசியப்பன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய அந்த ஊற்றுகள், மேட்டிலிருந்து வரும் நீரின் அழுத்தத்தால் மட்டுமே இன்றும் மழைக்காலத்தில் பொங்குகின்றன. மின்தூக்கியின் அடி பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும் என்பதால் கிளார்க் கதைக்காக இலங்கைத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். மாத்தளைக்கும் ரேகைக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று, அவர் சிகிரியாவை எங்கே கொண்டுபோய் வைக்கப் பார்த்தார் என்பது எனக்குச் சட்டென்று விளங்கியது.

மீண்டும் கூரைக்கு வருவோம். செய்மதியிலிருந்து இறங்கும் அலை ஒரு நாடு முழுக்கப் பரவுகிறது. இரண்டடி அகலத் தட்டில் விழுவது, ஒரு வாட்டை இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒருசில பங்குதான். அந்தத் துளியிலிருந்துதான் நாடகமும் செய்தியும் கிரிக்கெட்டும் வருகின்றன. பரவளைவின் மாயம் இதில் பாதி. தூரத்திலிருந்து இணையாக வரும் அலைகள் தட்டின் எந்த இடத்தில் பட்டாலும் குவியத்துக்கு வந்து சேரும் பாதையின் நீளம் ஒன்றே. அதனால் எல்லா அலைகளும் ஒரே இடத்துக்கு மட்டுமல்ல, ஒரே கணத்திலும் வந்து சேர்கின்றன. முகடு முகட்டோடு கூடிப் பலம் பெறுகிறது. அலைநீளம் இரண்டரை சென்டிமீற்றர் என்பதால் தட்டு சில மில்லிமீற்றர் நெளிந்தாலே அந்த ஒற்றுமை குலையும். குரங்கு ஏறிக் குந்திய டிஷ் ஏன் பழைய மாதிரி வேலை செய்வதில்லை என்பது இப்போது விளங்கும்.

எல்.என்.பி.யும் தன் பங்குக்குக் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. செக்கனுக்கு 1,200 கோடி தரம் அதிரும் அலையைக் கேபிளில் விட்டால் சில மீற்றரிலேயே செத்துப்போகும். எனவே அங்கேயே அதைப் பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைத்து இறக்குகிறது. அதற்கு வேண்டிய மின்சாரம் அதே கேபிளில் கீழிருந்து மேலே ஏறுகிறது. பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் நிமிர்ந்து அதிரும் அலைகளை எடு என்று பொருள், 18 வோல்ட் என்றால் படுக்கையாக அதிர்வதை எடு என்று பொருள். ஒரே கம்பியில் படம் இறங்குகிறது, மின்சாரமும் கட்டளையும் ஏறுகின்றன.

மழை பெய்தால் படம் போய்விடும் என்ற குறை நியாயமானது. ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியோடு கொட்டும்போது, எல்லோரும் வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்துப் படம் உறையும். பெரிய துளிகள் அந்த அலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு கொண்டவை. அலையை விழுங்கவும் சிதறடிக்கவும் செய்கின்றன. அதோடு மழைக்கும் சூடு உண்டு, சூடுள்ள எதுவும் ரேடியோ இரைச்சல் எழுப்பும். வெட்டவெளி வானமோ கடுங்குளிரானது, அதனால் நிசப்தமானது. அந்த நிசப்தம் இருப்பதால்தான் இவ்வளவு சிறிய துளியும் கேட்கிறது. நம் டிஷ் நிமிர்ந்து பார்ப்பதால் மழை அடுக்கை மிகக் குறுக்கு வழியில் கடக்கிறது. 25 பாகையில் பார்த்தால் அதே அடுக்கில் இரண்டு மடங்குக்கு மேல் தூரம் போக வேண்டியிருக்கும்.

நமக்கு மேலே வானத்திலும் ஒரு பள்ளம் உண்டு. பூமியின் நடுவயிறு துல்லியமான வட்டமல்ல, மிக இலேசான நீள்வட்டம். அதனால் அந்த உயரத்துச் செய்மதிகள் மெதுவாகக் கிழக்கேயோ மேற்கேயோ இழுபடும். எரிபொருள் செலவிட்டு அவற்றை இடத்தில் நிறுத்துகிறார்கள். இழுப்பு ஓய்ந்து, விட்டால் திரும்பி வந்து ஊசலாடும் இடங்கள் உலகில் இரண்டே. ஒன்று மேற்கு நெட்டாங்கு 105 பாகையில். மற்றது கிழக்கு நெட்டாங்கு 75 பாகையில், நமக்குத் தென்மேற்கே இந்து சமுத்திரத்துக்கு மேல்! உயிரிழந்து கைவிடப்பட்ட பழைய செய்மதிகள் சில அந்தப் பள்ளத்தில் தொட்டிலாடிக்கொண்டிருக்கின்றன.

இணையத்தில் படம் பார்க்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து செய்மதி இணையமான ஸ்டார்லிங்கும் இலங்கைக்கு வந்துவிட்டது. தாழப் பறந்து நிமிடங்களில் வானத்தைக் கடக்கும் செய்மதிகளை ஆடாமல் அசையாமல் துரத்தும் அந்தப் பலகையை நானும் வியந்து பார்க்கிறேன். ஆனால் இணையத்தில் ஒவ்வொரு புதிய பார்வையாளரும் ஒரு புதிய சுமை. நூறு பேர் பார்த்தால் நூறு தடவை அனுப்ப வேண்டும். செய்மதி ஒரு தடவை பொழிகிறது. பத்துப் பேர் பிடித்தாலும் பத்து இலட்சம் பேர் பிடித்தாலும் அதற்கு ஒன்றுதான். தோட்டத்துச் சம்பளத்தில் மாதாமாதம் டேட்டா வாங்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரியது. டிஷ்ஷைப் பழசு என்று ஒதுக்குபவர்களோடு நான் சண்டை பிடிப்பது இதற்காகத்தான்.

வருடத்தில் இரண்டு முறை, மார்ச் நடுப்பகுதி கழிந்தும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும், சில நாட்கள் படம் வெயிலிலேயே சில நிமிடம் சிதறும். இங்கிருந்து பார்க்கையில் சூரியன் நேராகச் செய்மதியின் பின்னால் வந்து நிற்கும் நாட்கள் அவை. ஒளியோடு சேர்த்துச் சூரியன் கொட்டும் ரேடியோ இரைச்சலில் செய்மதியின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். 83 பாகைச் செய்மதியென்றால் நண்பகலை ஒட்டி, 95 பாகையென்றால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால். அதே நாட்களின் நள்ளிரவில் செய்மதி பூமியின் நிழலுக்குள் போய், ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பற்றரியில் ஓடும்.

அந்த நிமிடங்களில் முற்றத்துக்கு வந்து எல்.என்.பி.யின் முகத்தைப் பாருங்கள். சூரியனை மட்டும் நேரே பார்க்க வேண்டாம். தட்டில் தெறித்த வெயில் சரியாக அங்கே வந்து குவிந்திருக்கும். உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள்: “டிஷ் ஆடிருச்சா பாரு!” டிஷ் ஓர் இழைகூட ஆடியிருக்காது.