லாரிக்குக் குளியல்: தண்ணீர் ஏன் வரவில்லை?

நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்கும் குளியல் உண்டு, கோழிப்பண்ணைக்கும் குளியல் உண்டு. 'வாட்டர் சர்வீஸ்' செய்யும் இடத்தில் பிரஷர் வாஷர் பீச்சினால், பல மாநிலத்துச் சேறும் உதிர்ந்து ஓடுகிறது!

ஆனால் புதிதாக இயந்திரம் வாங்கியவர்கள் சிலர் திகைத்துப் போகிறார்கள். குழாயில் மாட்டினால் பீச்சுகிறது. தொட்டியில் ஓஸைப் போட்டால் வெறுமனே உறுமுகிறது. மோட்டார் கெட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை.

குழாய்த் தண்ணீர் தானே பாய்ந்து வரும். தொட்டித் தண்ணீரோ சும்மா கிடக்கும். அதை இயந்திரம் உறிஞ்சுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில், தொட்டியின் மேல் அழுத்தும் காற்றுதான் அதை ஓஸுக்குள் தள்ளுகிறது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1640-களிலேயே இதைக் கண்டு சொன்னார். காற்று எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏறாது. சிறிய பிரஷர் வாஷர்கள் பலவற்றுக்கு அரை மீட்டர்தான் வரம்பு!

ஆகவே, கிணற்றுக்குள் ஓஸை விட்டுப் பார்ப்பது வீண் வேலை. தொட்டியை மேடை மேல் ஏற்றினால் பாதித் தொல்லை தீரும். முதலில் ஓஸ் நிறையத் தண்ணீர் ஊற்றி மாட்ட வேண்டும். முனையைக் கழற்றிவிட்டு, குமிழி நிற்கும்வரை ஓட்ட வேண்டும். ஓஸின் நுனியில் சல்லடை அவசியம். அடி மண்ணைத் தொடாமல் தொங்கட்டும்.

இணைப்பில் தண்ணீர் ஒழுகவில்லையே என்று நம்பிவிடக் கூடாது. அங்கே தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும்! கிளாம்பை இறுக்குங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் ரப்பர் வளையங்கள் சூடேறிக் கருகும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தொட்டித் தண்ணீரும் ஆகாது. பல இயந்திரங்களுக்கு 40 டிகிரியே எல்லை. கோடையில் காலை வேளையே லாரி கழுவ ஏற்றது.