திருக்கடையூர் போறீங்களா? தரங்கம்பாடியை விட்டுடாதீங்க! - கடலையே பார்க்காத அப்பத்தாவுடன் ஒரு காலை

"சொந்த ஊர் எது?" என்று கேட்பவர்களிடம் "மயிலாடும்பாறை" என்று சொன்னால், சென்னையில் பத்தில் எட்டுப் பேர் "ஓ, மாயவரமா!" என்பார்கள். அது மயிலாடுதுறைங்க. காவிரி பாயும் ஊர். எங்கள் மயிலாடும்பாறை தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலையடிவாரத்தில், மூல வைகைக் கரையில் இருக்கிறது. இலவம் பஞ்சுக்கும் தென்னைக்கும் பேர்போன பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் வைகைகூட பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். மிஞ்சிய தண்ணீர் இருந்தால்தான் கடல்.

என் அப்பத்தாவும் அப்படித்தான். 79 வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. தாத்தா இருந்தவரை, "ஒரு தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயிரணும்" என்று வருடாவருடம் பேசுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஏதாவது செலவு குறுக்கே வந்துவிடும். 2004-ல் டி.வி-யில் சுனாமியைப் பார்த்த பிறகு, "கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அப்பத்தாவே அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்.

இந்த நிலையில்தான் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. வேன் பிடித்துப் போனோம். விசேஷம் முடிந்த மறுநாள் காலை, எல்லோரும் அசந்து தூங்கிக்கொண்டிருக்க, அப்பத்தா மட்டும் வழக்கம்போல விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார். "பக்கத்துலதான் தரங்கம்பாடி. பத்து கிலோமீட்டர்கூட இல்ல. வர்றீங்களா?" என்றேன். "கடலு இருக்குமா?" என்றார். "இருக்கும்." கொஞ்ச நேரம் யோசித்தவர், "தூரமா நின்னு பார்ப்பம்" என்று கிளம்பிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பெரியம்மா கண்டிஷன் போட, ஆட்டோ பிடித்தோம்.

வாசல் வைத்த ஊர்

தரங்கம்பாடிக்குள் நுழையும்போதே ஒரு வெள்ளை நிற வாசல் நம்மை வரவேற்கிறது. டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி. நேராக நடந்தால் கடல். அவ்வளவுதான் ஊர். வேகமாக நடந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் பலரும் கோட்டை முன்பு செல்ஃபி எடுத்துவிட்டு உடனே வண்டி ஏறிவிடுகிறார்கள். இத்தாலியின் சின்னச் சின்ன கடற்கரை ஊர்களை ரீல்ஸில் பார்த்து ஏங்குகிறோம். அங்கே மக்கள் செய்வதும் இதே வேலைதான்: பழைய தெருவில் சும்மா நடப்பது!

தெருவின் ஓரத்தில் 1701-ல் கட்டப்பட்ட சீயோன் தேவாலயம். அதற்குச் சற்றுத் தள்ளி 1718-ம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம். இதைக் கட்டிய சீகன்பால்கு, அடுத்த ஆண்டே 36 வயதில் இறந்து, இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பத்திரிகைத் துறைக்கு வந்த எனக்கு இந்த இடம் முக்கியமானது. 1706-ல் டென்மார்க் மன்னர் அனுப்பி இங்கே வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1712-ல் இங்கே அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் செலவானது. எனவே, சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டார்கள். அந்த இடத்துக்கு 'கடுதாசிப்பட்டறை' என்று பெயர். தமிழின் முதல் அச்சுப் புத்தகம் 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது என்றாலும், எழுத்து, காகிதம், அச்சு என்று எல்லாவற்றையும் ஒரே வட்டாரத்தில் செய்து பார்த்தது இந்தச் சின்ன ஊர். சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

"ஊரையே வித்தானா?"

ராஜ வீதி முடியும் இடத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது டேன்ஸ்போர்க் கோட்டை. மிளகு வாங்க இலங்கைக்குப் போன டேனிஷ் கப்பல்களுக்கு அங்கே காரியம் ஆகவில்லை. தளபதி ஓவ் கெட்டே இந்தப் பக்கம் திரும்பி, 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு எழுப்பிய கோட்டை இது. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் அதிகாரிகள் குடியிருந்தார்கள். இப்போது தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இங்கே இயங்குகிறது.

மிளகு என்றதும் அப்பத்தா, "அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தாய்ங்க? நம்ம மேகமலைப் பக்கம் வந்திருந்தா மரத்துக்கு மரம் கொடி ஏறிக் கெடக்கே" என்று சிரித்தார்.

225 ஆண்டுகள் வைத்திருந்த ஊரை 1845-ல், வங்காளத்தின் சேராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள் என்று சொன்னேன். அப்பத்தாவின் முகம் மாறிவிட்டது.

"ஊரையே வித்தானா? இருந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

கோட்டைக்குள் பீங்கான் பாத்திரங்கள், பழைய நாணயங்கள், ஆவணங்கள் எல்லாம் பார்த்தோம். இந்தக் கேள்விக்கு மட்டும் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் பதில் இல்லை.

பாண்டியன் கட்டியது... அலை எடுத்தது

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். கல்வெட்டில் ஊரின் பெயர் 'சடங்கன்பாடி'. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். அலையைத் தடுக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். "மதுரைப் பாண்டியரு கட்டுனதா!" என்று கும்பிட்டார் அப்பத்தா.

அங்கேதான் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பார்த்தோம். அப்பத்தாவைவிடக் கொஞ்சம் சின்னவராக இருப்பார். ரெண்டு பேரும் பேசத் தொடங்கியதும் நான் ஒதுங்கிக்கொண்டேன். 2004 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த ஊரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பாட்டியின் வீட்டிலும் இழப்பு. "வீடு உள்ளாற தள்ளிக் கட்டிக் குடுத்துட்டாங்க. படுக்க அங்க, பொழைக்க இங்க" என்றார்.

"கடலப் பார்த்தாப் பயமா இல்லையா தாயி?"

"இருக்கும். அதுக்காக வராம இருக்க முடியுமா?"

அப்பத்தா தலையை ஆட்டிக்கொண்டே, "எங்க ஊருலயும் அப்படித்தேன். ஐப்பசியில ஆத்துல தண்ணி வந்தாலும் பயம். வராட்டி அதவிடப் பயம்" என்றார். கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டார். பிறகு, நான் கூப்பிடாமலே சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாறை இல்லாத மணல் பக்கமாக நடந்து போய் நின்றார். முதல் அலை வந்து காலை நனைத்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தார். மூன்றாவது அலைக்குக் கையை விட்டுவிட்டார்.

போகிறவர்களுக்கு...

மதுரையிலிருந்து மயிலாடுதுறைக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். 1926-ல் போட்ட ரயில் பாதை ஒன்றும் இருந்தது, 1980-களில் நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தவிர்த்துப் போங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை. காலை வெயில் ஏறும் முன்பு தெருவையும் கோயிலையும் நடந்து பார்த்துவிட்டு, கோட்டைக்கு வந்தால் சரியாக இருக்கும்.

"இங்கே ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது" என்று சொல்வார்கள். தரைமட்டத்தில் ஓசோனைச் சுவாசிப்பது நுரையீரலுக்கு நல்லதல்ல. நீங்கள் அனுபவிப்பது நல்ல கடல் காற்று. அதுவே போதும்!

பாறைகள் வழுக்கும். வயதானவர்களையும் குழந்தைகளையும் அவற்றின் மேல் ஏறவிடாதீர்கள்.

திரும்பி வந்தபோது வேன் தயாராக நின்றது. "எங்கம்மா போயிருந்த?" என்று பெரியப்பா கேட்டார். கருவாட்டுப் பையைச் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு அப்பத்தா நிதானமாகச் சொன்னார்:

"கடலுக்குத்தேன். நாமதான்டா அம்புட்டு வருசமும் வெட்டியாப் பயந்துட்டோம். வர்ற தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்துக்கு டிக்கெட்டைப் போடு. உங்கப்பாவுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டு வந்துருவோம்."