மலையும் துறைமுகமும் சேர்ந்த நகரம்

சீனாவின் ஃபூஜியான் மாகாணக் கடற்கரையில் உள்ள சுவான்சோவை ‘நகரம்’ என்கிறார்கள். அதன் பரப்போ ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 87 லட்சத்துக்கும் மேல். நான்கு நகர வட்டாரங்கள், ஜின்ஜியாங் உள்ளிட்ட மூன்று நகரங்கள், தேயிலை விளையும் ஆன்ஷி, பீங்கான் சுடும் தெஹுவா போன்ற மலைக் கவுண்டிகள் எல்லாம் இதில் அடக்கம். மாகாணத்துக்கும் கவுண்டிக்கும் நடுவிலுள்ள இந்த அடுக்குக்கு ‘மாவட்ட நிலை நகரம்’ என்று பெயர். நகரத்துக்குள் நகரங்களும் மலைகளும் இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் சுவான்சோவைப் பொறுத்தவரை இந்த எல்லை வரலாற்றுக்கு நெருக்கமானது என்பதே என் கருத்து.

சொங் வம்ச அரசு 1087-இல் இங்கே கடல்வணிக அலுவலகம் திறந்தது. துறைமுகம் செழிக்க அலுவலகம் மட்டும் போதாது, கப்பலில் ஏற்றச் சரக்கு வேண்டும். அது மலையிலிருந்து வந்தது. தென்சீனக் கடலில் மூழ்கி 2007-இல் மீட்கப்பட்ட ‘நன்ஹாய் 1’ என்ற சொங் காலக் கப்பலில் தெஹுவா பீங்கான் இருந்தது. ஆன்ஷியில் அக்கால இரும்பு உருக்கும் களமும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. 2021-இல் யுனெஸ்கோ சுவான்சோவுக்கு உலகப் பாரம்பரியத் தகுதி வழங்கியபோது, கோயில், மசூதி, பாலங்களோடு இந்தச் சூளைகளையும் உலைக்களத்தையும் சேர்த்தே 22 இடங்களைப் பட்டியலிட்டது. அந்தச் சரக்கைத் தேடி வந்தவர்களில் தமிழ் வணிகரும் உண்டு. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத்தில் நிற்கும் இரண்டு கல்தூண்களில் கண்ணனின் லீலைகளை இன்றும் காணலாம்.

இன்றைய அமைப்பு 1980-களில் வந்த நிர்வாக ஏற்பாடுதானே என்று கேட்கலாம். உண்மைதான். எல்லையும் மாறாமல் இருந்ததில்லை: சொங் காலத்தில் சுவான்சோவின் ஏழு கவுண்டிகளில் ஒன்றான தொங்-ஆன் இன்று ஷியாமென் நகரோடு இருக்கிறது. மற்ற ஆறின் நிலப்பகுதியும் பெரும்பாலும் இன்று மறுபடி ஒரே குடையின் கீழ் உள்ளது. கின்மென் தீவைச் சீனா சுவான்சோவின் கவுண்டியாகக் காட்டுகிறது, ஆள்வது தைவான். அங்கே மட்டும் வரைபடமும் நடைமுறையும் பொருந்தவில்லை. கோடு போடுவது அரசாங்கம். அந்தக் கோட்டுக்கு உயிர் தருவது மக்கள் சரக்கோடு நடந்த வழி. உலையும் சூளையும் துறையும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்த நிலத்தை ஒரே பெயரால் அழைப்பது பொருத்தமே.