ஆடாத நாற்காலி

முக்காலியை மேடு பள்ளமான தரையில் வைத்துப் பாருங்கள். அது சற்றுச் சாய்ந்து நிற்குமே தவிர ஆடாது. அதே இடத்தில் நாற்காலியை வைத்தால் ‘டக் டக்’ என்று ஆடத் தொடங்கிவிடும். இதற்குக் காரணம் எளிய கணிதம்தான். ஒரே நேர்க்கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகளின் மீதும் ஒரு சமதளத்தைப் பொருத்திவிடலாம். நான்காவது புள்ளியும் அதே தளத்தில் அமையும் என்பதற்கு உறுதி இல்லை. ஒரு கால் இரண்டு மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டால் போதும், அமர்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே, வீட்டில் முதன்முறையாக மரவேலை செய்பவருக்கு அளவெடுப்பது கடினமன்று. எடுத்த அளவை நான்கு முறையும் பிசகாமல் திரும்பக் கொண்டுவருவதே கடினம்.

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் இந்த வேலைக்கு மரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூலாய் ஆற்றின் முகத்துவாரத்தில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் இறுதியில் அது இயங்கத் தொடங்கியது. கொள்கலன்களில் வந்துபோகும் சரக்குகள் பெரும்பாலும் ‘பேலட்’ எனப்படும் மரத்தட்டுகளின் மேல்தான் அடுக்கப்படுகின்றன. உடைந்துபோன தட்டுகளைக் கிடங்குகள் ஒதுக்கிவிடும். உரியவரிடம் கேட்டுப் பெற்றால் அவை நல்ல பலகைகளைத் தரும். கேட்காமல் எடுப்பது முறையன்று. நீல வண்ணம் பூசிய தட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு விடப்படுபவை. அவை சாலையோரம் கிடந்தாலும் வேறொருவரின் சொத்து.

எல்லாத் தட்டும் வீட்டுக்கு ஏற்றதும் அன்று. அதன் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்முத்திரைக்குப் பின்னால் ஒரு வண்டின் கதை இருக்கிறது. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், நீண்ட உணர்கொம்புகளைக் கொண்ட ஆசிய வண்டு ஒன்று நிழல்மரங்களைத் துளைத்து அழித்துக்கொண்டிருப்பது தெரியவந்தது. சரக்குப் பெட்டிகளின் மரத்துக்குள் ஒளிந்தபடி அது கடல் கடந்திருந்தது. இத்தகைய பூச்சிகளைத் தடுப்பதற்கென 2002ஆம் ஆண்டில் அனைத்துலக விதிமுறை ஒன்று ஏற்கப்பட்டது. நாடு விட்டு நாடு செல்லும் சரக்குக்கான மரத்தைப் பதப்படுத்தி முத்திரையிட வேண்டும் என்பது அந்த விதி. முத்திரையில் ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் பதப்படுத்தப்பட்டது என்று பொருள். வீட்டு வேலைக்கு முன்னதையே தேர்ந்தெடுங்கள். ‘எச்.டி.’ முத்திரை இருந்தாலும், எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ உள்ள பலகையை ஒதுக்கிவிடுவதே நல்லது. அதன்மேல் எது கொட்டியதென்று முத்திரை சொல்லாது.

சில தட்டுகள் ரப்பர் மரத்தால் ஆனவை. நம் பாட்டன் பாட்டியர் விடியற்காலையில் பால் வெட்டிய அதே மரம்தான். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் அம்மரம் வெட்டப்படும். ஒரு காலத்தில் அது விறகாகவே எரிந்தது. அதற்குக் காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. எனவே, வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் துளைக்கும் வண்டும் அதைத் தேடி வந்துவிடும். போரான் கலந்த கரைசலை மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே அது அறைகலன் மரமாயிற்று. இன்று ஜொகூரின் மூவார் நகரம் அறைகலன் தொழிலுக்குப் பெயர்பெற்று விளங்குகிறது. நீங்கள் எடுக்கும் பலகையில் குண்டூசித் தலையளவு துளைகளும் அவற்றிலிருந்து உதிரும் மெல்லிய தூளும் தென்பட்டால் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தட்டைப் பிரிக்கும்போது ஆணியைப் பிடுங்க முயல வேண்டாம். தட்டுகளில் பெரும்பாலும் முறுக்கு ஆணிகளே அடிக்கப்படுகின்றன. இழுத்தால் பலகைதான் பிளக்கும். இரண்டு பலகைகளுக்கு இடையில் இரும்பறுக்கும் வாளை நுழைத்து ஆணியையே அறுத்துவிடலாம். பிறகு ஒரு காந்தத்தைப் பலகையின்மேல் மெல்ல நகர்த்துங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஆணித்துண்டு எங்கே இருக்கிறதென்று அது காட்டிக்கொடுக்கும். மழையில் நனைந்த பலகையைக் காற்றோட்டமுள்ள நிழலில் சில வாரங்கள் அடுக்கி வையுங்கள். ஈர மரம் உலரும்போது குறுக்குவாட்டில் சுருங்குவதால், அவசரப்பட்டுச் செய்த பொருத்து பின்னர் இடைவெளி விடும்.

இனி, நான்கு கால்களும் ஒரே நீளத்தில் அமைவதற்கான வழியைப் பார்ப்போம். புதியவர்கள் முதல் காலை அறுத்து, அதை வைத்து இரண்டாவதைக் குறித்து, இரண்டாவதை வைத்து மூன்றாவதைக் குறிப்பார்கள். பென்சில் கோட்டுக்கும் தடிப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் கூடினால் நான்காவது கால் முதலாவதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒவ்வொன்றையும் முதல் காலைக் கொண்டே குறித்தால் பிழை பெருகாது. கோடே போடாமல் அறுத்தால் இன்னும் நல்லது. அதற்கு உதவும் துணைச்சட்டத்தைப் பட்டறைகளில் ‘ஜிக்’ என்பார்கள்.

மிக எளிய ஜிக் ஒன்றை அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டையான பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்விளிம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சட்டத்தைத் திருகுங்கள். இது மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். பின்விளிம்பின் மேற்பக்கத்தில் இன்னொரு சட்டத்தைத் திருகுங்கள். அறுக்கும் கட்டையை இதன்மேல் சாய்த்துப் பிடிக்கலாம். மூலைமட்டத்தை வைத்து, மேற்சட்டத்தின் ஓரிடத்தில் வாளால் செங்குத்தாக ஒரு வெட்டு இடுங்கள். இனிமேல் வாள் அந்த வெட்டின் வழியேதான் போகும். கால் 40 சென்டிமீட்டர் என்றால், வெட்டிலிருந்து சரியாக 40 சென்டிமீட்டர் தள்ளி மேற்சட்டத்தில் ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்துங்கள். கட்டையின் முனை தடுப்பில் முட்டும்வரை தள்ளி அறுத்தால் போதும். நான்கு கால்களும் ஒரே அளவில் வரும். நாற்பது கால்களானாலும் அப்படியே.

ஒரு சிறு நுட்பத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறுக்கும்போது விழும் மரத்தூள் தடுப்பின் அடியில் சேரும். அடுத்த கட்டை தூளில் முட்டி முன்கூட்டியே நின்றுவிடும், கால் குட்டையாகும். தடுப்புக் கட்டையின் கீழ்மூலையைச் சற்றே சீவிவிட்டால் தூள் அந்த இடைவெளிக்குள் ஒதுங்கிக்கொள்ளும். இத்தனை நாள் தம் வாளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சிலர் இதைச் செய்த பிறகு அமைதியாகிவிடுவார்கள்!

துளையிடுவதற்கும் இத்தகைய தந்திரங்கள் உண்டு. எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் துரப்பண ஊசியைச் சுற்றி ஒரு வண்ண ஒட்டுநாடாவைக் கட்டுங்கள்; நாடா மரத்தைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். திருகாணிக்கு முன்னால் அதைவிடச் சற்று மெல்லிய துளை இட்டால் பலகையின் முனை பிளக்காது. துரப்பணத்தை இயக்கும்போது கண்ணாடி அணியுங்கள். ஆனால், கையுறை அணியாதீர்கள். சுழலும் ஊசி துணியைப் பற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். தொளதொளத்த சட்டைக் கைக்கும் கட்டாத கூந்தலுக்கும் இதே ஆபத்து உண்டு.

கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் இணைக்கும்போது மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கப் பிதாகரஸ் தேற்றம் கைகொடுக்கும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 30 சென்டிமீட்டரிலும் மறுபக்கம் 40 சென்டிமீட்டரிலும் புள்ளி வையுங்கள். இரு புள்ளிகளுக்கும் இடையே 50 சென்டிமீட்டர் இருந்தால் மூலை சரி. செவ்வகச் சட்டமானால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிட்டாலே போதும்.

இத்தனைக்கும் பிறகு இருக்கை ஆடினால் நீண்டிருக்கும் காலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துப் பார்க்காதீர்கள். அப்படி அறுத்து அறுத்தே பல இருக்கைகள் மணையாகிப் போயின. சமதளமான மேசையின்மேல் இருக்கையை நிறுத்தி, குட்டையான காலின்கீழ் அட்டைத் துண்டுகளைச் செருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். மெல்லிய மரத்துண்டு ஒன்றின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதை மேசையின்மேல் நகர்த்தியவாறே நான்கு கால்களையும் சுற்றிக் கோடு கிழியுங்கள். நான்கு கோடுகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் அமையும். அக்கோடுகளில் அறுத்துவிட்டு, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இருக்கையை நிமிர்த்தி வைத்து அமர்ந்து பாருங்கள்.