ஓடாத வண்டியின் கணக்கு

வீதியிலே துவிச்சக்கர வண்டியிற் செல்பவனுக்கு, அவன் கடந்த தூரமே உழைப்பின் கணக்கைக் கூறிவிடும். அறைக்குள்ளே அசையாது நிற்கும் அப்பியாச வண்டியில் ஏறி ஒரு மணி நேரம் மிதிப்பவனோ ஓர் அங்குலமேனும் நகர்வதில்லை. வியர்வை சிந்தியது உண்மை. எனினும், அவன் எவ்வளவு உழைத்தான், சென்ற மாதத்திலும் பார்க்க இம்மாதம் அவன் தேகம் முன்னேறியுள்ளதா என்பவற்றை எதைக்கொண்டு அறிவது?

இவ்வினா விளையாட்டு வீரருக்கு மட்டும் உரியதன்று. வளர்ந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான தேகாப்பியாசம் செய்தல் வேண்டுமென உலகச் சுகாதார தாபனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அஞ்சி நடுத்தர வயதில் வண்டியேறுவோர், தம் முயற்சி மிதமானதுதானா என்பதை அறியாவிடில், ஒன்றில் போதிய பயனின்றி மிதிப்பர். அல்லது இதயத்தை வருத்திக்கொள்வர்.

உழைப்பை அளப்பதற்கு இரு வழிகள் உண்டு. செய்த வேலையை நேரே அளப்பது ஒன்று. அவ்வேலைக்காகத் தேகம் கொடுத்த விலையை அளப்பது மற்றொன்று. முதலாவது வழிக்கு வலுமானி வேண்டும். மிதிக்கும் விசையையும் சுழலும் வேகத்தையும் கணித்து, வலுவை வாட் அலகிற் கூறுவது அக்கருவி. வண்டியிலேயே பொருத்தத்தக்க வலுமானியொன்றை ஜேர்மனியைச் சேர்ந்த உல்ரிச் சோபரர் 1986 ஆம் ஆண்டில் அமைத்தார். அத்தகைய கருவிகளின் விலை இன்றும் சாதாரண குடும்பத்துக்கு எளிதில் எட்டுவதன்று.

இரண்டாவது வழி எளியது. சுவீடன் தேசத்து உடற்றொழிலியலாளரான ஒஸ்ட்ராண்ட், றியூமிங் ஆகிய இருவரும், ஒருவரைக் குறித்த சுமையில் வண்டி மிதிக்கச்செய்து, அப்போதைய நாடித்துடிப்பைக் கொண்டே அவருடைய தேகவலிமையை மதிப்பிடும் முறையொன்றை 1954 இல் வெளியிட்டனர். அதன் அடிப்படை யாதெனில், அதே வேலையைக் குறைந்த துடிப்போடு செய்யும் இதயமே வலிமை பெற்ற இதயம் என்பதாகும். ஆகவே சுமையை மாற்றாது வைத்து, நாடியை எண்ணினால் முன்னேற்றம் தானே புலப்படும். அன்று ஆய்வுகூடத்தில் நடந்த இக்காரியத்தை இன்று ஒரு திறன் கைக்கடிகாரமும் ஒரு சிறிய உணரியும் வீட்டிலேயே செய்துவிடுகின்றன.

மிதிகட்டையைத் தாங்கும் தண்டில் இறப்பர் வளையத்தாற் கட்டப்படும் உணரி, கால் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதைக் கூறும். நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்றே அதற்குப் போதும். வலுமானியோடு ஒப்பிடின் இதன் விலை மிகச் சொற்பம். கைக்கடிகாரமோ தன் அடிப்புறத்துப் பச்சை ஒளியைத் தோலினுட் செலுத்துகின்றது. இரத்தம் அவ்வொளியை உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பின்போதும் திரும்பிவரும் ஒளி ஏறியிறங்கும். அதனை எண்ணியே நாடியைக் கணிக்கின்றது. கைபிடியை இறுகப் பற்றினாலும், பட்டி தளர்ந்திருந்தாலும் இக்கணக்குப் பிழைக்கலாம். பட்டியை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டுதல் நன்று. இதயத்தின் மின்துடிப்பை நேரே உணரும் மார்புப் பட்டி இதனிலும் நம்பத்தக்கது.

வாங்குமுன் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கைக்கடிகாரங்கள் எல்லாம் வெளி உணரியை ஏற்பனவல்ல. சில புளூடூத் முறையை மட்டும் ஏற்கும். சில ஆன்ட் பிளஸ் என்னும் முறையையும் ஏற்கும். சில எதனையும் ஏற்கா. கைக்கடிகாரம் இல்லாதோர் உணரியையும் மார்புப் பட்டியையும் கைத்தொலைபேசிச் செயலியொன்றோடு இணைத்துக்கொள்ளினும் காரியம் நிறைவேறும்.

இனிச் சோதனை முறையைக் காண்போம். இரு வாரத்துக்கு ஒருமுறை, நாளின் அதே வேளையில், பத்து நிமிடம் இலேசாக மிதித்துத் தேகத்தைச் சூடாக்கிக்கொள்ளல் வேண்டும். பின்னர் தடைக்குமிழை அதே இலக்கத்தில் வைத்து, நிமிடத்துக்கு 70 சுற்று வீதம் இருபது நிமிடம் மிதித்து, இறுதி ஐந்து நிமிடத்தின் சராசரி நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளலாம். முதல் மாதம் 126 ஆக இருந்த துடிப்பு, மூன்றாம் மாதம் 118 ஆகக் குறைந்ததென்று கொள்வோம். வண்டி நகரவில்லை, ஆயினும் மனிதன் முன்னேறிவிட்டான். இலங்கை போன்ற வெப்ப நாடுகளில், காற்றில்லாத அறையில் வேலை மிகாமலே துடிப்பு மிகும். ஆதலால் ஒவ்வொரு முறையும் மின்விசிறி ஒரே அளவிற் சுழலுதல் வேண்டும். உராய்வுத் தடையுள்ள வண்டியில் கட்டை தேயுந்தோறும் சுமை மாறும் என்பதையும் மறத்தலாகாது.

மிதமான முயற்சிக்கு எல்லை யாது? 220 இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு ஏறக்குறையக் கிடைக்கும். அதன் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான எல்லையாகும். ஐம்பது வயதினருக்கு இது சுமார் 109 முதல் 129 வரை. ஆளுக்காள் இது வேறுபடும். பேச முடிந்து, பாட முடியாத நிலையே மிதமானது என்னும் எளிய விதியையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கைக்கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கை மட்டும் நம்பி உணவைக் கூட்டுதல் தவறு. ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தார் ஏழு கைக்கருவிகளைச் சோதித்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கருவிகள் நாடியை 5 சதவீதத்துக்கு உட்பட்ட பிழையோடு கூறின. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியும் சராசரி 27 சதவீதம் பிழைத்தது.

இதய நோயுள்ளோரும், துடிப்பைத் தணிக்கும் மருந்து உட்கொள்வோரும் மேற்கூறிய இலக்கங்களைத் தமக்குப் பொருத்திப் பார்த்தலாகாது. வைத்தியரிடம் கேட்டே எல்லை வகுத்தல் வேண்டும். ஏனையோர்க்கு ஓர் உணரி, ஒரு கைக்கடிகாரம், ஒரு குறிப்புப் புத்தகம் ஆகிய மூன்றும் போதும். விலையுயர்ந்த கருவி ஒருநாட் காட்டும் இலக்கத்திலும் பார்க்க, மலிவான கருவி மாதக்கணக்காக ஒரே முறையிற் காட்டும் இலக்கமே தேகத்தின் உண்மையைக் கூறவல்லது.